பார்த்ததா, கேட்டதா என்று கேட்ட மாணவியை மீண்டும் வகுப்பில் அமர்த்தக் கோரும் மனு

அனுப்புநர்
உ. அருள்மேரி, பி.ஏ.,
த/பெ உபகாரம்,
பகுதிநேரப் பணியாளர், ஊர்ப்புற நூலகம்,
ஓடைப்பாறை, கொடைக்கானல் வட்டம்,
திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்
மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள்,
மாவட்டக் கல்வி அலுவலகம்,
திண்டுக்கல் மாவட்டம்.

பொருள்: ஓடைப்பாறை அரசு உயர்நிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்பு மாணவி அ. ஷாஸியா 13.11.2025 முதல் வகுப்பில் அனுமதிக்கப்படாதது – "தவறான தகவல் எழுதினேன்" என்ற வரியைக் கேட்காமல் அவரை வகுப்பில் அமர்த்தவும், நூலகத்தின் சனிக்கிழமை வகுப்பைத் தொடரவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. தலைமை ஆசிரியரின் அனுமதிக் கடிதம், நாள் 30.06.2025.
2. தலைமை ஆசிரியர் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிய அறிக்கை, நாள் 14.11.2025 (இதை நான் பார்க்கவில்லை, அனுப்பியதாகக் கேட்டது).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் இதுவரை எந்த அலுவலகத்துக்கும் மனு எழுதியதில்லை. எங்கள் வீட்டில் வேறு யாரும் எழுதியதில்லை. முறை தவறியிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். பத்திகளின் முடிவில் 'பார்த்தது', 'கேட்டது', 'படித்தது' என்று குறித்திருக்கிறேன். அது ஏன் என்பது மூன்றாம் பத்தியில் விளங்கும்.

1. ஓடைப்பாறை நூலகம் ஓர் அறை. பள்ளிச் சுற்றுச்சுவரை ஒட்டி இருக்கிறது. ஒரு கணினி உண்டு. மழை பிடித்தால் இணையம் நின்றுவிடும். நான் இங்கு இரண்டு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். என் தந்தை கேரட் கழுவும் இடத்தில் கூலி வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். (பார்த்தது.)

2. இந்தப் பத்தி எனக்கு எதிரானது. ஆனாலும் இதைச் சொல்லாமல் மற்றவற்றைச் சொல்ல முடியாது. இறுதியாண்டில் நான் சமர்ப்பித்த ஆய்வேட்டின் தலைப்பு "ஓடைப்பாறை: ஒரு சமூகப் பொருளாதார ஆய்வு". அதை நான் எழுதவில்லை. வத்தலக்குண்டு பேருந்து நிலையம் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வாங்கினேன். வேறு ஏதோ ஓர் ஊரைப் பற்றிய ஆய்வில் அந்த ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத் தந்தார்கள். நீல ரெக்சின் அட்டை, தங்க எழுத்து. என் வகுப்பில் பலரும் அப்படித்தான் செய்தோம். தவறு என்று தோன்றவில்லை. ஆய்வு என்றால் அப்படித்தான் வாங்க வேண்டும் என்று நினைத்திருந்தோம். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு மதிப்பெண் கிடைத்தது. வேலைக்கு வந்த பிறகு, ஆள் வராத ஒரு மழை நாளில், அதை முதல்முறையாக வாசித்தேன். இருபத்து மூன்றாம் பக்கத்தில், "இவ்வூர் மக்கள் தங்கள் விளைபொருட்களை உள்ளூர் இரயில் நிலையத்தின் வழியே அனுப்புகின்றனர்" என்று இருந்தது. எங்கள் ஊருக்கு ஒரு நாளைக்கு மூன்று பேருந்து வரும். அதில் ஒன்று மண் சரிந்தால் வராது. அந்தப் பக்கத்தைக் கடந்து மூன்று பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். முதல் கையெழுத்து என்னுடையது. என் ஊரைப் பற்றி என் பெயரில் இருக்கும் ஒரே புத்தகம் அது. (பார்த்தது. ஏடு என்னிடம் உள்ளது.)

3. மாணவர்கள் அப்படி ஒரு பக்கத்தைக் கடந்து போகக் கூடாது என்பதற்காகவே சனிக்கிழமை வகுப்பைத் தொடங்க அனுமதி கேட்டேன். தலைமை ஆசிரியர் திரு. முருகவேல் அவர்கள் மறுக்காமல் தந்தார்கள். 05.07.2025 முதல் ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்கள் பதினான்கு பேர் வந்தார்கள். ஒரு நூலின் கடைசியில் உள்ள சொல்லடைவைப் பார்ப்பது எப்படி, எழுதியவர் யார், எந்த ஆண்டு என்று முதலில் பார்ப்பது, மூன்று இணையதளங்களில் ஒரே வாசகம் இருந்தால் அது மூன்று சாட்சி ஆகாது, ஒன்றைப் பார்த்து மற்ற இரண்டும் எழுதியவை என்று கண்டுபிடிப்பது, கைபேசிக்கு வரும் படம் எப்போது எடுத்தது என்று தேடுவது – இவ்வளவுதான் பாடம். ஆட்களிடம் விசாரிக்கும்போது நிரப்ப ஒரு சீட்டும் தயாரித்தோம். சொன்னவர் பெயர், நாள், அவர் சொன்ன சொல்லிலேயே தகவல். அதன் கீழே மூன்று கட்டங்கள்: பார்த்தது, கேட்டது, படித்தது. கேட்டது என்றால் யாரிடம் என்று ஒரு வரி. நான் அதிகம் பேசாதவள். புதியவரிடம் வழி கேட்பதைவிடச் சுற்றி நடந்துவிடுவேன். வாய் வராதவர்களுக்குத் தாள் கேட்டுக் கொடுக்கும் என்றுதான் சீட்டு முறையைக் கொண்டுவந்தேன். சீட்டு வெட்டுவதற்கான தாள், பழைய அரையாண்டு வினாத்தாள்களின் பின்பக்கம், தலைமை ஆசிரியர் அவர்களே கொடுத்தது. (பார்த்தது.)

4. ஆகஸ்ட் மாதத்தில் ஊருக்குள் காட்டுமாடு இறங்கி, லீலா என்பவரின் பீன்ஸ் தோட்டம் உட்பட நான்கு தோட்டங்கள் அழிந்தன. அதனால் வட்டார அறிவியல் கண்காட்சிக்கு "காட்டுமாடு ஊருக்குள் வருவது ஏன்?" என்ற தலைப்பை மாணவர்கள் எடுத்தார்கள். ஷாஸியா குழுத் தலைவி. 16.08.2025 முதல் 18.10.2025 வரை முப்பத்தொரு சீட்டுகள் நிரப்பப்பட்டன. மாணவர்கள் எழுதியது எழுதியபடியே மூன்றை இங்கு தருகிறேன்.

சீட்டு 6, பழனிச்சாமி, விவசாயி: "ஏத்தா, பத்திரம் பதியப் போனாக்கூட இம்புட்டுக் கேள்வி கேக்க மாட்டாங்க. லாரியிலதான் கொண்டாந்து எறக்கிவிட்டாங்க. ஊரே சொல்லுது, நான் மட்டும் தனியாவா சொல்றேன்? வெரசா எழுதிக்கிட்டுக் கெளம்பு, சோலி கெடக்கு."

சீட்டு 9, லீலா: "பீன்ஸ் கொடிய மேஞ்சதப் பாத்தேன். எங்கருந்து வந்துச்சுன்னு அதுகிட்டதான் கேக்கணும்."

சீட்டு 14, ஜெயமுருகன், உரக்கடை: "எந்த லாரின்னு என்னைய எதுக்குக் கேக்குற? ஒங்க அப்பா பிக்கப்புலதான் எறக்கிருப்பாரு. வீட்ல போயிக் கேளு." இதன் கீழே ஷாஸியா தன் கையெழுத்தில், "சிரித்துக்கொண்டே சொன்னார்" என்று குறித்திருக்கிறார். ஷாஸியாவின் தந்தை அப்பாஸ், காய்கறி மூட்டைகளைத் தன் பிக்கப் வண்டியில் வத்தலக்குண்டு சந்தைக்கு ஏற்றிச் செல்பவர். இந்தக் குறிப்பைத் தயவுசெய்து நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.
(படித்தது. சீட்டுகளின் நகல் இணைப்பில்.)

5. முப்பத்தொன்றில் இருபத்தேழு பேர் சொன்னது ஒன்றே: யாரோ இரவோடு இரவாக லாரியில் காட்டுமாடுகளைக் கொண்டுவந்து மேட்டில் இறக்கிவிட்டார்கள். இருபத்தேழு பேருமே 'கேட்டது' என்ற கட்டத்தில் குறியிடச் சொன்னார்கள். யாரிடம் கேட்டது என்ற வரியைப் பிடித்துக்கொண்டு மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். நான்கு சார்ட் தாள்களை ஒட்டி, யார் யாருக்குச் சொன்னது என்று கோடு போட்டார்கள். ஒரு கோடு இறந்துபோனவர் ஒருவரிடம் நின்றது. ஒரு கோடு பக்கத்து ஊரான கவுஞ்சிக்குப் போய், தொலைபேசி வழியே ஓடைப்பாறைக்கே திரும்பி வந்தது. மற்றவை எல்லாம் பேருந்து நிறுத்தத்தில் தேநீர்க் கடை வைத்திருக்கும் சேக் பரீது அவர்களிடம் சேர்ந்தன. அவர் சீட்டுதான் முப்பத்தொன்றாவது: "நம்ம ஹெட்மாஸ்டர் சார் சொன்னதுதாங்க. படிச்சவங்க சொன்னா அதுக்கு மேல என்ன இருக்கு?"

எனவே ஒரே ஒருவரிடம் கேட்க வேண்டியது பாக்கி இருந்தது. அறிக்கையின் முடிவுரையை ஷாஸியா இப்படி எழுதினார்: "லாரி வந்தது என்றோ வரவில்லை என்றோ எங்களால் சொல்ல முடியவில்லை. வந்ததைப் பார்த்தவர் ஒருவரும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஒரு சீட்டு பாக்கி." லாரிக் கதை பொய் என்று அவர் எங்கும் எழுதவில்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். (படித்தது.)

6. 12.11.2025 அன்று நடந்தபோது நான் அங்கு இல்லை. பெர்லின், கோகுல் என்ற இரண்டு மாணவர்களைத் தனித்தனியாக விசாரித்தேன். இருவர் சொன்னதும் ஒத்துப்போகிறது. மூன்றாம் பாடவேளையில் தலைமை ஆசிரியர் பாடம் நடத்தும்போது, நம் ஊர்க் காட்டுமாடுகள் லாரியில் கொண்டுவந்து விடப்பட்டவை என்று சொன்னார்கள். ஷாஸியா எழுந்து நின்றார். கையில் முப்பத்திரண்டாம் சீட்டும் பேனாவும் இருந்தன. "சார், இது நீங்க பார்த்ததா, கேட்டதா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. உட்காரும்படி சொன்னார்கள். சிரிப்பில் கேள்வி காதில் விழவில்லை என்று நினைத்து, ஷாஸியா இன்னும் உரக்க மறுபடி கேட்டார். இரண்டாவது சிரிப்பு முதலாவதைவிடப் பெரியது. (கேட்டது: பெர்லின், கோகுல், ஷாஸியா.)

7. மறுநாள் தாயுடன் வரவும் மன்னிப்புக் கடிதம் தரவும் சொல்லப்பட்டது. கடிதத்தில் இரண்டு வரிகள் இருக்க வேண்டும். முதல் வரி, ஆசிரியரிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டேன் என்பது. அதை ஷாஸியா அன்றே எழுதிக் கையெழுத்திட்டார். இரண்டாவது வரி, "ஊரைப் பற்றித் தவறான தகவல் எழுதினேன்" என்பது. அதை எழுத மறுத்தார். அந்த வரி வரும்வரை வகுப்புக்கு வர வேண்டாம் என்று சொல்லப்பட்டது. மாணவர்கள் யாரும் சனிக்கிழமை நூலகத்துக்குப் போகக் கூடாது என்றும் சொல்லப்பட்டது. (கேட்டது: தாயார் ஜஹனாரா. கடிதத்தைப் பார்த்தேன்.)

8. மழை விடுமுறை ஒரு நாள் நீங்கலாக, 05.12.2025 வரை பதினாறு பள்ளி நாட்கள் ஆகின்றன. ஷாஸியா காலை ஒன்பது இருபதுக்குச் சீருடையில் நூலகத்துக்கு வருகிறார். வாசலை ஒட்டிய மேசையில் உட்காருகிறார். பள்ளி மணி இங்கே நன்றாகக் கேட்கும். ஒவ்வொரு மணிக்கும் ஒரு பாடப் புத்தகத்தை உள்ளே வைத்து அடுத்ததை எடுக்கிறார். அரையாண்டுத் தேர்வு சில நாட்களில் தொடங்குகிறது. பொதுத் தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் இம்மாதம் சரிபார்க்கப்படும் என்றும் சொல்கிறார்கள். (முதல் ஐந்து வாக்கியங்கள் பார்த்தது, தேர்வு அறிவிப்பு படித்தது, பட்டியல் பற்றியது கேட்டது.)

9. இதில் என் தவறும் இருக்கிறது. கேள்வியை நான் சொல்லிக் கொடுத்தேன். அதை யாரிடம், எந்த இடத்தில், எப்படிக் கேட்பது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கே தெரியாது. கல்லூரியில் மூன்று ஆண்டுகளில் நான் எழுந்து நின்று ஒரு கேள்வியும் கேட்டதில்லை. கேட்ட பிறகு என்ன நடக்கும் என்பதைப் பார்த்திராத ஒருத்தி பதினான்கு பேருக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்தேன். பாடவேளையில் அல்லாமல் அலுவலக அறையில் போய்க் கேள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த மனு தேவைப்பட்டிருக்காது.

10. இரண்டாவது வரியை எழுத மறுப்பது பிடிவாதம் அல்ல என்பதை விளக்க வேண்டும். 22.11.2025 மாலை பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஒருவர் சொன்னது: "அந்தப் புள்ளையோட அப்பன் வண்டியிலதான் கொண்டாந்தாகளாம்ல. அதான் லாரியே வரலன்னு அது எழுதிருக்கு." பதினான்காம் சீட்டில் ஜெயமுருகன் அவர்கள் சிரித்துச் சொன்னது, சிரிப்பு கழன்று, இப்போது செய்தியாக நடமாடுகிறது. மாணவி எழுதாத ஒன்றும் அதனுடன் சேர்ந்துகொண்டிருக்கிறது. நான் திரும்பி அவர்களிடம் 'யாரிடம் கேட்டீர்கள்' என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பேருந்து வந்துவிட்டது. (கேட்டது: என் காதால்.)

அதன் பின் பேத்துப்பாறை வழியில் இரண்டு தோட்டக்காரர்கள் அப்பாஸ் அவர்களின் வண்டியில் மூட்டை ஏற்றுவதை நிறுத்திவிட்டதாக ஜஹனாரா சொல்கிறார். காரணம் இதுதானா என்பது தெரியாது. (கேட்டது.)

இந்த நிலையில், 'தவறான தகவல் எழுதினேன்' என்று மாணவி கையெழுத்திட்டால், வண்டி வந்தது உண்மை என்று பள்ளியே எழுதி வாங்கியதாக ஆகிவிடும். எந்த வண்டி என்பதை ஊர் சொல்லிக்கொள்ளும். தன் தந்தைக்கு எதிராகத் தன் கையாலேயே எழுதச் சொல்கிறார்கள் என்றுதான் ஷாஸியா நினைக்கிறார். முதலில் ஜஹனாரா, "ஒரு வரிதானம்மா, எழுதிக் குடுத்துட்டுப் போயி உக்காரு" என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சென்ற வாரம் நூலகத்துக்கு வந்து, "எழுதுனாலும் போச்சு, எழுதாட்டியும் போச்சு. நீங்க சொல்லுங்க டீச்சர், என்ன செய்யட்டும்?" என்று என்னிடம் கேட்டார். 

11. மனுவை முடிக்கும் முன் மறுபக்கத்தையும் விசாரிக்க வேண்டும் என்பது எங்கள் சனிக்கிழமை வகுப்பின் விதி. 04.12.2025 அன்று முப்பத்திரண்டாம் சீட்டை எடுத்துக்கொண்டு தலைமை ஆசிரியர் அறைக்குப் போனேன். ஒரு பாடவேளை முழுவதும் வெளியே தூணருகில் நின்றேன். மணி அடித்ததும் உள்ளே போய், நின்றபடியே, அந்தக் கேள்வியை நான் கேட்டேன்.

தலைமை ஆசிரியர் கோபப்படவில்லை. இப்படிச் சொன்னார்கள்: "கேட்டதுதாம்மா. சேக் பரீது பாய் கடையில டீ குடிக்கிறப்ப கேட்டது. நாலு ஊரு ஆளப் பாக்குறவரு, தெரியாம சொல்ல மாட்டாருன்னு நெனச்சேன்."

முப்பத்தொன்றாம் சீட்டை எடுத்து அவர்கள் முன் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அதை இரண்டு முறை படித்தார்கள். பிறகு முப்பத்திரண்டாம் சீட்டை வாங்கி, 'கேட்டது' என்ற கட்டத்தில் தாமே குறியிட்டு, கையெழுத்தும் இட்டார்கள். இதை மனுவில் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதிக்கம்மா. ஆனா முப்பத்தஞ்சு புள்ளைக முன்னாடி கேட்டாளே, அத யோசிச்சுப் பாத்தியா?" என்றார்கள். யோசித்துப் பார்க்கிறேன் என்று சொன்னேன். ஒன்பதாம் பத்தியை அன்று மாலைதான் எழுதினேன்.

ஷாஸியாவை வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்டதற்கு, மாணவி தவறான தகவல் பரப்பியதாக அறிக்கை மேலே போய்விட்டது, இனி மேலிருந்து உத்தரவு வராமல் தம்மால் ஒன்றும் செய்ய இயலாது என்று சொன்னார்கள். (பார்த்தது, கேட்டது.)

12. மாணவர்களின் சார்ட்டில் கடைசிக் கோட்டை இன்னும் போடவில்லை. அது சேக் பரீது அவர்களிடமிருந்து தலைமை ஆசிரியருக்கும், தலைமை ஆசிரியரிடமிருந்து சேக் பரீது அவர்களுக்கும் போக வேண்டிய கோடு. அதைப் போடும் உரிமை அந்தக் குழுவுக்கு உரியது என்பதால் நான் போடவில்லை. கண்காட்சி முடிந்துவிட்டது. அதைப் பற்றி எனக்குக் கோரிக்கை இல்லை. தலைமை ஆசிரியர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை.

ஆகவே ஐயா அவர்களிடம் கேட்டுக்கொள்வது:

மாணவி ஷாஸியா ஏற்கெனவே எழுதித் தந்துள்ள ஒரு வரி மன்னிப்பை ஏற்று, இரண்டாவது வரியைக் கேட்காமல், அரையாண்டுத் தேர்வுக்கு முன் அவரை வகுப்பில் அமர்த்த உத்தரவிட வேண்டும். 14.11.2025 நாளிட்ட அறிக்கையுடன் முப்பத்திரண்டு சீட்டுகளின் நகலையும் சேர்த்து வைக்க வேண்டும். பின்னால் யாராவது அந்தக் கோப்பை எடுத்துப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து இருக்கட்டும். சனிக்கிழமை வகுப்பு தொடர வேண்டும். நான் நடத்துவது சரியில்லை என்று தோன்றினால், கேள்வி கேட்கத் தெரிந்த ஓர் ஆசிரியரிடம் அதை ஒப்படைக்கலாம். பின் வரிசையில் உட்கார்ந்து நானும் கற்றுக்கொள்கிறேன்.

இணைத்துள்ளவை: அனுமதிக் கடிதத்தின் நகல், சீட்டுகள் 1 முதல் 31 வரை, நகல், சீட்டு 32, தலைமை ஆசிரியர் கையெழுத்துடன், நகல், சார்ட்டின் புகைப்படம், மாணவியின் ஒரு வரிக் கடிதம், நகல், என் ஆய்வேட்டின் 23ஆம் பக்கம்.

நிரப்பாத சீட்டு ஒன்றும் இத்துடன் வைத்திருக்கிறேன். அதன் எண் 33. இந்த மனுவைப் படித்ததால் தாங்கள் இப்போது அதில் 'படித்தது' என்று குறியிடலாம். ஒரு நாள் காலை ஒன்பது இருபதுக்கு முன்பாக ஓடைப்பாறைக்கு வர இயலுமானால், நூலக வாசலை ஒட்டிய மேசையில் ஷாஸியா வந்து உட்காருவார். பள்ளியின் முதல் மணி அடிக்கும்போது அவர் என்ன செய்கிறார் என்பதைக் கண்ட பிறகு, முதல் கட்டத்தில் குறியிட வேண்டுகிறேன்.

நன்றியுடனும் எதிர்பார்ப்புடனும்,

இடம்: ஓடைப்பாறை
நாள்: 08.12.2025

(கையொப்பம்)
உ. அருள்மேரி